ஓவியக் கண்காட்சியும் தேர்வும்



தமிழில் ‘தேர்வு’ என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் நீங்கள் எழுதுகின்ற பரீட்சைக்கும் தேர்வு என்று பெயர். பலவற்றுள் சிலவற்றைப் பொறுக்கி எடுத்தலுக்கும் தேர்வு என்றே பெயர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். நாள்தோறும் இச்சொல்லை வழங்கியும், இவ்விரு பொருளுக்கும் இடையே உள்ள தொலைவை மிகவும் காலந்தாழ்த்தியே அறிந்தேன். அறியாமையால் நான் செய்த பிழை ஒரு மாணவரின் வாழ்வைத் திசைமாற்றியது. அப்பிழை ஓர் ஓவியக் கண்காட்சியை ஒட்டி நேர்ந்தது. ஆதலின், எவரும் தம் படைப்பை அனுப்பக்கூடிய கலைக் கண்காட்சி என்பது யாது, அது எவ்வாறு நடைபெறுகிறது, அதனை நாம் எவ்வாறு காணவேண்டும் என்பவற்றை இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

கலைக் கண்காட்சிகளைப் பொதுவாக இருவகையாகப் பிரிக்கலாம். ஒரு கலைஞரோ, ஒரு குழுவினரோ, அழைக்கப்பட்ட சிலரோ தம் படைப்புகளை வைப்பது ஒருவகை. அங்கே யார் யார் இடம்பெறுவர் என்பது முன்னரே முடிவாகிவிடுகிறது. மற்றொரு வகையில், ‘படைப்புகளை அனுப்பலாம்’ என்று பொது அறிவிப்பு வெளிவரும். விதிகளுக்கு உட்பட்ட எவரும் அனுப்பலாம். புகழ்பெற்றவரும் அனுப்புவர், பெயர் அறியப்படாதவரும் அனுப்புவர். நடுவர் குழு ஒன்று கூடி, வந்தவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து சுவரில் இடங்கொடுக்கும். இவ்விரண்டாம் வகையைப் பற்றியே நான் பேச வந்துள்ளேன்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தேசியக் கலைக் கண்காட்சி. இந்திய அரசு 1954ஆம் ஆண்டில் லலித கலா அகாதெமியைத் தொடங்கியது. அதன் முதல் தலைவராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை அறியாதார் உங்களுள் யாருமிரார். அதனை வடித்தவர் அவரே. சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராகவும் அவர் 1929 முதல் 1957 வரை பணியாற்றினார். அகாதெமியின் முதல் தேசியக் கண்காட்சி 1955ஆம் ஆண்டில் நடைபெற்றது. இடையிடையே சில ஆண்டுகள் தவறினும், இதுவரை அறுபது முறைக்கு மேல் அது நடந்திருக்கிறது. ஓவியம், சிற்பம், அச்சுப்படம், ஒளிப்படம், கோட்டோவியம், அறை முழுவதையும் இடமாகக் கொண்டு அமைக்கும் நிறுவற்கலை எனப் பல துறைப் படைப்புகள் அதில் இடம்பெறுகின்றன. காட்சிக்குரியவற்றை ஒரு நடுவர் குழு தேர்கிறது; அவற்றுள் பரிசுக்குரியவற்றைத் தேர்வது வேறொரு குழு.

முதற் கண்காட்சியில் பரிசு பெற்றவருள் ஒருவர் மக்பூல் ஃபிதா உசேன். ‘ஜமீன்’, அதாவது ‘நிலம்’, என்னும் அவருடைய நீண்ட ஓவியத்துக்கு அப்பரிசு கிடைத்தது. பம்பாய்க்கு வந்த புதிதில் திரைப்பட விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர் அவர். தெருப் பலகை எழுதியவரின் படத்தையும் கல்லூரியிற் பயின்றவரின் படத்தையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டச் செய்வதே இத்தகைய கண்காட்சியின் தனிச் சிறப்பாகும்.

இம்முறை எங்கே வேரூன்றியது என்பதையும் சிறிது பார்ப்போம். இலண்டன் மாநகரில் 1768ஆம் ஆண்டில் இராயல் அகாதெமி என்னும் கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே, 1769இல், அது தன் முதற் கண்காட்சியை நடத்தியது. அன்று வைக்கப்பட்ட படைப்புகள் 136. அன்று தொட்டு இன்றுவரை ஓராண்டும் விடாமல் அது நடைபெறுகிறது. இரண்டு உலகப் போர்களும் அதனை நிறுத்தவில்லை. பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் கோடையிலிருந்து இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிற்றே அன்றி, நின்றுவிடவில்லை. இந்நாளில் ஆண்டுதோறும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே வந்து குவிகின்றன. சுவரேறுபவை ஆயிரத்துச் சொச்சமே. அங்கே வைக்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை விற்பனைக்கு உரியவை. விற்பனையில் கழகம் பெறும் பங்கு, அக்கழகம் நடத்தும் கலைப்பள்ளிக்கு உதவுகிறது. அப்பள்ளியில் மாணவர்க்குக் கட்டணம் இல்லை. கண்காட்சி பள்ளியைக் காக்கிறது. பள்ளி கலைஞரை வளர்க்கிறது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்த ஏற்பாடு என் நெஞ்சைக் கவர்ந்தது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மாணவர்கள் நகருக்குச் செல்லும் வழியில் அதன் செந்நிறக் கட்டடங்களைக் கடந்து சென்றிருக்கக்கூடும். உள்ளே நுழைந்து பார்த்தவர் சிலரே. சென்னையில் 1873ஆம் ஆண்டில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குக் கிளிமானூரிலிருந்து ஓர் இளைஞர் தைல வண்ண ஓவியம் ஒன்றை அனுப்பினார். கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் குலப் பெண்ணின் உருவம் அது. அவ்விளைஞர் எந்தக் கலைப்பள்ளியிலும் முறையாகப் பயின்றவர் அல்லர். அரண்மனைக்கு வந்த ஓவியர்கள் தீட்டுவதைப் பார்த்தும் தாமே முயன்றும் கற்றவர். அப்படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவரே இராஜா ரவிவர்மா. அப்போது அவருக்கு வயது 25. வாயில் திறந்திருந்தமையால் அன்றோ ஓர் இளைஞரின் பெயர் நாடறியப் பரவியது?

இனி, தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண்போம். இலண்டன் கண்காட்சியில் நெடுங்காலம் பின்பற்றிய முறை ஒன்று உண்டு. நடுவர்கள் அரைவட்டமாக அமர்ந்திருப்பர். பணியாளர் ஒவ்வொரு படமாக அவர்கள் முன்னே கொண்டுவருவர். சில நொடிகளில் முடிவு கூறப்படும். ‘ஏற்கப்பட்டது’, ‘ஐயத்துக்குரியது’, ‘நீக்கப்பட்டது’ என மூன்று முடிவுகள். அவற்றுக்கு மூன்று அடையாளங்கள். ஏற்கப்பட்டது என்னும் அடையாளம் பெறுபவை மிகச் சில. பெரும்பகுதி நீக்கப்படும். ஐயத்துக்குரியவை என ஒதுக்கி வைக்கப்பட்டவற்றிலிருந்தே சுவர்கள் நிரப்பப்படும். ஒரு படத்துக்குப் பக்கத்தில் எதனை மாட்டினால் பொருந்தும், இந்த இடைவெளியில் எவ்வளவு பெரிய படம் அடங்கும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து மாட்டுவர். சுவர் நிரம்பியதும் எஞ்சியவை வீடு திரும்பும். அவ்வாறு திரும்புகின்ற படங்கள் நடுவரால் வெறுக்கப்பட்டவை அல்ல, இடம் பெறாதவை. இந்நாளில் முதற் சுற்றை இணையவழி வந்த ஒளிப்படங்களைக் கொண்டே முடிக்கின்றனர். எனினும் சுவரின் அளவு மாறிவிடவில்லை.

சங்கப் பலகையைப் பற்றிப் புராணம் கூறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அமரத் தக்க புலவர் வருந்தோறும் அப்பலகை தானே நீண்டு இடங்கொடுக்குமாம். நூறு பேர் தகுதியுடையவராயின் நூறு பேருக்கும் இடமுண்டு. பள்ளித் தேர்வும் ஏறக்குறைய அப்பலகையை ஒத்ததே. நூற்றுக்கு முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றவர் அனைவரும் வெற்றி பெறுவர். பக்கத்து மாணவன் தொண்ணூறு பெற்றதனால் உங்கள் முப்பத்தைந்து குறைந்துவிடாது. ஆனால் கண்காட்சிச் சுவர் நீளாது. அங்கே முப்பத்தைந்து என்னும் எல்லைக்கோடு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. ஒன்று ஏறவேண்டுமாயின் மற்றொன்று இறங்கியாக வேண்டும்.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. பண்டைக் காலத்தில் ஒரு புலவர் நூலை அரங்கேற்றும்போது அவையோர் தடை எழுப்புவர்; புலவர் எழுந்து விடை கூறுவர். குறை இன்னது என்று அவருக்குத் தெரியும். இன்றைய கண்காட்சியில், ஒதுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுதி அனுப்பும் வழக்கம் இல்லை. இத்தனை ஆயிரம் பேருக்குக் காரணம் எழுத இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் காரணம் கூறப்படாத மறுப்பு, பெறுபவர் மனத்தில் தானே ஒரு காரணத்தைப் புனைந்துகொள்கிறது. பெரும்பாலும், ‘எனக்குத் திறமை இல்லை’ என்பதே அக்காரணமாக அமைந்துவிடுகிறது.

இங்கே என் பிழையைச் சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு மாணவர் பயின்றார். அவருடைய தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை செய்தவர். அம்மாணவர் இயற்பியல் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் ஓயாமல் படம் வரைவார். நான் கண்டித்ததுண்டு, கண்டித்த பின் அப்பக்கங்களைத் தனியே புரட்டிப் பார்த்து வியந்ததும் உண்டு. பின்னர் அவர் ஓவியம் பயின்று பட்டம் பெற்றார். 2004ஆம் ஆண்டில் பெரிய கண்காட்சி ஒன்றுக்குத் தம் ஓவியத்தை அனுப்பினார். பட்டறைத் தரையில் குவிந்து கிடக்கும் இரும்புச் சுருள்களை அவர் தீட்டியிருந்தார். இரும்பைக் கடையும்போது எழும் சூட்டினால் அச்சுருள்கள் சில பொன்னிறமாகவும் சில மயிற்கழுத்து நீலமாகவும் மாறும். சிறுவயதில் தந்தைக்குச் சோறு கொண்டு செல்லும்போதெல்லாம் அவர் கண்டு களித்த நிறங்கள் அவை.

படம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். “சார், இதை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டார்.

எத்தனை படங்கள் வந்தன, எத்தனை தேர்ந்தெடுக்கப்பட்டன என்று நான் கேட்கவில்லை. நடுவர்கள் ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்த்திருப்பர் என்றும் எண்ணவில்லை. தேர்வு முடிவு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே. முடிவை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை என்றேன். குடும்ப நிலையை எடுத்துக் கூறினேன். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் வேலைக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதனைப் பெற்றுக்கொண்டு போனார். ஓவியம் பீரோவுக்குப் பின்னே சென்றது. ஒரு மாணவனைக் கரையேற்றினோம் என்ற மனநிறைவோடு நான் பல்லாண்டுகள் இருந்தேன்.

அச்சக வேலை இழிவானது அன்று. அவர் குடும்பம் அதனால் தழைத்தது. என் குற்றம் வேலை வாங்கிக் கொடுத்ததில் இல்லை. பொறுக்கி எடுத்தலாகிய தேர்வைப் பரீட்சையாகிய தேர்வு என்று கருதி, அதன் முடிவை ஒரு மனிதரின் தகுதிச் சான்றாகப் படித்துக் காட்டியதில் இருக்கிறது. ஒரு மாலை படம் தீட்டவும் ஒரு பகல் வேலை பார்க்கவும் ஒருவரால் இயலும் என்று சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

நடுவரின் முடிவு எவ்வளவு தற்செயலானது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பல. ஜான் கான்ஸ்டபிள் ஆங்கில நாட்டு நிலக்காட்சி ஓவியருள் தலைசிறந்தவர். 1830ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சிக்கு வந்த படங்களைப் பார்க்கும் நடுவருள் அவரும் ஒருவராக அமர்ந்திருந்தார். கழகத்தின் உறுப்பினராதலின் அவருடைய படங்களுக்குத் தேர்வு கிடையாது. ஆனால் பிழையாக அவருடைய படம் ஒன்று வெளியார் படங்களோடு கலந்து வந்துவிட்டது. யாருடையது என்று அறியாத நடுவர்கள் அதனைக் குறைகூறி நீக்கிவிட்டனர். தீட்டியவர் அங்கேயே அமர்ந்திருந்தார்! உண்மை தெரிந்து, படத்தை ஏற்றுக்கொள்ள முன்வந்தபோது கான்ஸ்டபிள் இசையவில்லை என்பர். சாலிஸ்பரி நகருக்கு அருகேயுள்ள நீர்வயல்களைக் காட்டும் அப்படம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1947ஆம் ஆண்டில் டேவிட் வின்ட்டர் என்னும் பெயரில் வந்த இரண்டு படங்களை அதே கண்காட்சியின் நடுவர்கள் ஏற்றுக்கொண்டனர். அப்பெயரில் ஒளிந்திருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். முன்னாள் தலைமை அமைச்சரின் பெயர் நடுவரை மயக்கிவிடக் கூடாது என்பதற்காக வேறு பெயரில் அனுப்பினார். ஆகவே, பெயர் தெரியாத தேர்வினால் இழப்பும் நேரலாம், நேர்மையும் விளையலாம்.

பாரிஸ் நகரத்தில் 1863ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் பெரிய செய்தி. அங்கு அரசு நடத்திய கண்காட்சிக்கு வந்த சுமார் 5,000 படைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை நடுவர்கள் ஒதுக்கினர். ஓவியர்களின் கூக்குரல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் செவிக்கு எட்டியது. ஒதுக்கப்பட்டவற்றையும் தனியே ஒரு பகுதியில் வையுங்கள். மக்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று அவர் ஆணையிட்டார். மக்கள் திரண்டு வந்தனர். பலர் சிரிப்பதற்கென்றே வந்தனர். அவர்கள் பார்த்துச் சிரித்த படங்களுள் எதுவார் மானேயின் படமும் ஒன்று. புல்வெளியில் அமர்ந்து உணவு கொள்வோரைக் காட்டும் அப்படத்தைக் காண்பதற்கு இன்று உலகெங்குமிருந்து மக்கள் பாரிசுக்குச் செல்கின்றனர். நடுவரும் பிழைபட்டனர், மக்களும் பிழைபட்டனர் என்பதை இங்கே மறவாதீர்கள்.

அவ்வாறாயின் நடுவரே வேண்டாமே என்று நீங்கள் கேட்கலாம். பாரிஸ் ஓவியர் சிலரும் அவ்வாறே கேட்டனர். 1884ஆம் ஆண்டில் அவர்கள் நடுவரும் பரிசும் இல்லாத கண்காட்சி ஒன்றைத் தொடங்கினர். ஒதுக்கப்பட்ட பலருக்கு அது புகலிடமாயிற்று. ஆயினும் யாவற்றையும் வைக்கும் கண்காட்சியில் பார்வையாளர் திகைத்துப் போவர். ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே, காணத்தக்க ஒன்று கண்ணிற் படாமலே போகும். யாராவது ஒருவர் பொறுக்கியே ஆக வேண்டும். நடுவர் பொறுக்காவிடின், களைத்துப்போன கால்கள் பொறுக்கும். ஆதலின் நடுவர் முறையை நான் பழிக்கவில்லை. அதன் முடிவு எவ்வளவு பொருளுடையதோ அவ்வளவே பொருள் கொள்ள வேண்டும் என்கிறேன். இன்ன சுவருக்கு, இன்ன ஆண்டில், இன்ன சிலர் சேர்ந்து செய்த தெரிவு அது.

இதனை நானே சோதித்துப் பார்த்தேன். 2022ஆம் ஆண்டில், கள்ளிக்குப்பத்தில் என் வீட்டு மொட்டைமாடியில், எங்கள் பகுதிப் பிள்ளைகள் வரைந்த நாற்பது படங்களைக் கொடிக் கயிறுகளில் துணிக் கவ்விகளால் மாட்டினோம். கல்லூரி மாணவர் ஒன்பதின்மரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் பத்துப் படங்களைத் தேர வேண்டும் என்றேன். ஒரு குழு மற்றொரு குழுவோடு பேசக் கூடாது என்பது விதி. மூன்று பட்டியலையும் ஒப்பிட்டபோது, மூன்றிலும் இடம்பெற்ற படங்கள் நான்கே. ஏரி நீரை மூடிய ஆகாயத்தாமரையைக் கரிய பச்சை ஒன்றாலேயே அப்பியிருந்த ஒரு படம் முதற் குழுவின் பட்டியலில் தலையிடம் பெற்றிருந்தது. மற்ற இரு குழுவினரும் அதனைக் கண்டதாகவே நினைவு கூரவில்லை.

என் பழைய மாணவரையும் அன்று அழைத்திருந்தேன். அச்சகத்திலிருந்து நேரே வந்திருந்தார். மூன்று பட்டியலையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், “இதை அன்றே எனக்குச் சொல்லியிருக்கலாமே சார்” என்றார். நான் மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு என்னிடம் ஏதும் இல்லை.

இனி, கண்காட்சிக்குச் சென்றால் படங்களை எவ்வாறு பார்ப்பது? இக்காலப் படங்கள் புரியவில்லை என்று மாணவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்துக் காட்சி ஒன்றைத் தருகிறார். குன்றத்துக்கு வந்தோர் அங்குள்ள ஓவிய மண்டபத்தைக் காண்கின்றனர். காமனும் இரதியும், அகலிகையும் கௌதம முனிவரும், பூனை வடிவங்கொண்ட இந்திரனும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றனர். பார்ப்போர் இது யாது, இவர் யாவர் என்று வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். படத்தின் முன்னே நின்று வினவுதல் நமக்குப் பழைய வழக்கமே.

அன்றைய படங்கள் கதை கூறின. ஆதலின், ‘இவர் யார்’ என்னும் வினா போதுமானதாயிற்று. இன்றைய படங்கள் பல கதை கூறுவதில்லை. அங்கே வினாவை மாற்ற வேண்டும். கே. சி. எஸ். பணிக்கர் 1963ஆம் ஆண்டு முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் பல படங்களைத் தீட்டினார். எழுத்துப் போன்ற வடிவங்கள், ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள், கணிதக் குறிகள் அவற்றில் நிறைந்திருக்கும். படிக்க முயன்றால் படிக்க வராது. ‘என்ன எழுதியிருக்கிறார்?’ என்பதை விட்டு, ‘இந்த எழுத்துகள் பழைய ஓலையின் நினைவை ஏன் எழுப்புகின்றன? கண் முதலில் எங்கே செல்கிறது? அடுத்து எங்கே நகர்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். படம் சிறிது சிறிதாகத் திறக்கும்.

முதலில் எட்ட நின்று பாருங்கள்; பின்னர் நெருங்கிச் சென்று, வண்ணம் எவ்வாறு பூசப்பட்டுள்ளது என்று காணுங்கள். அதன் பின்னரே பக்கத்திலுள்ள சீட்டைப் படியுங்கள். அதில் பெயர், ஆண்டு, அளவு, எதனால் ஆனது என்பவை இருக்கும். அச்சுப்படங்களில் ஓரத்தில் 5/20 என்பது போன்ற குறி காணப்படும். ஒரே தகட்டிலோ கட்டையிலோ இருந்து எடுத்த இருபது படிகளுள் இது ஐந்தாவது என்பது அதன் பொருள். வெளியேறுமுன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் நடுவராயின் எதனை வைத்துக்கொள்வீர்கள், எதனை நீக்குவீர்கள் என்று இரண்டு படங்களைக் குறித்துக் காரணம் எழுதுங்கள். உங்கள் நண்பரின் குறிப்போடு ஒப்பிடுங்கள். சென்னையில் கிரீம்ஸ் சாலையிலுள்ள அகாதெமி மையத்துக் காட்சிக்கூடம் இப்பயிற்சிக்கு ஏற்ற இடம். அம்பத்தூர் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறி, நகருக்குள் இறங்கிப் பேருந்து பிடித்தால் ஒரு பிற்பகலில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

உங்களுள் படம் வரைபவர்க்கு இரண்டொரு சொற்கள். அறிவிப்பின் விதிகளை வரி விடாமல் படியுங்கள். அளவு, காலம், கட்டணம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதற் சுற்றில் நடுவர் காண்பது உங்கள் படத்தை அன்று, அதன் ஒளிப்படத்தையே; ஆதலின் பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டமின்றி, கோணாமல் எடுங்கள். ஒரு வாயில் திறக்கவில்லையெனில் வேறு வாயில்களும் உண்டு. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் 1966ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். துணிகளில் பாத்திக் வேலை முதலிய கைத்தொழில்கள் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு தம் கலையை வளர்த்தனர். எவரேனும் தேர்ந்தெடுப்பர் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆசிரிய நண்பர்கள் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மறுப்புக் கடிதத்தோடு ஒரு மாணவர் உங்களிடம் வந்தால், உடனே அறிவுரை கூறாதீர்கள். படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். இரும்புச் சுருள்களைத் தீட்டிய அந்தப் படத்தை நான் 2022ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், அதனைப் பாராமலே அதன் விதியை முடிவு செய்திருந்தேன்.

அவர் மீண்டும் தீட்டத் தொடங்கியிருக்கிறார். 2024ஆம் ஆண்டில் ஒரு கண்காட்சிக்குப் படம் அனுப்பினார். அதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கடிதத்தை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அடுத்ததற்குக் கித்தான் இழுத்துக் கட்டிவிட்டேன் சார். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்” என்றார்.

போய்ப் பார்த்தேன்.